எல்லாவற்றையும் ‘செய்த’ பத்திரிகைகள்

பழைய சுதேசமித்திரனையோ நாற்பதுகளின் தினமணியையோ புரட்டுகிறவர்கள் ‘அக்கிராசனர்’, ‘காரியதரிசி’, ‘மகாஜனங்கள்’ என்ற சொற்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவைத்து விடுகிறார்கள். என் கண் போவது வாக்கியத்தின் கடைசிக்கு. அங்கே பெரும்பாலும் ஒரே வினைதான் உட்கார்ந்திருக்கும்: செய்தார், செய்தனர், செய்யப்பட்டது.

கவர்னர் விஜயம் செய்தார் என்றால் வந்தார். தலைவர் பிரசங்கம் செய்தார் என்றால் பேசினார். கலெக்டர் முகாம் செய்தார் என்றால் தங்கினார். கோர்ட் சேவகரான அமீனா ஜப்தி செய்தார் என்றால் வீட்டிலிருந்த பண்ட பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு நீதிபதி பைசல் செய்ததை மேல் கோர்ட் ரத்து செய்யும். வாதி பிரதிவாதி இருவரையும் கடைசியில் தகனம் செய்வதும் இதே வினைதான்.

இதைவிட வேடிக்கை, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இதையே கூப்பிட்டார்கள். 1928 பிப்ரவரி 3 அன்று சைமன் கமிஷன் பம்பாயில் வந்திறங்கியபோது கடையைச் சாத்தியவர்கள் ஹர்த்தால் செய்தார்கள். கமிஷன் பக்கமே போகாதவர்கள் பகிஷ்காரம் செய்தார்கள். சோற்றைத் தொடாதவர் உபவாசம் செய்தார். சும்மா இருப்பதே போராட்டமாகிவிட்ட காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைத்திருக்காது.

இதைச் சோம்பேறி நடை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழானது. 1904இல் பாரதி அங்கே சேர்ந்தபோது அவர் தலையில் விழுந்ததும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலைதான். ஆங்கிலத்தில் வரும் தந்தியைத் தமிழாக்கி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, அன்றைய இதழில் ஏற்ற வேண்டும். உட்கார்ந்து புது வினை படைக்க யாருக்கு நேரம்? கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்திலிருந்து கைதும் ராஜினாமாவும் வந்தன. வடமொழியிலிருந்து ஆட்சேபமும் பிரதிஷ்டையும் வந்தன. இங்கிலீஷிலிருந்து டிஸ்மிஸ் வந்தது. எந்த ஊர்ப் பெயர்ச்சொல்லாக இருந்தாலும் ‘செய்’ அதன் கையைப் பிடித்துத் தமிழ் வாக்கியத்துக்குள் அழைத்து வந்துவிட்டது. பிறகு தனித்தமிழ் வந்து விவாகத்தைத் திருமணமாக்கியது. ‘செய்துகொண்டார்’ மட்டும் அசையவில்லை.

செய்தி என்ற சொல்லே இந்த வினையில் பிறந்ததுதான். புறநானூற்றில் ‘செய்தி கொன்றோர்’ என்றால் செய்தியை அமுக்கிய ஆசிரியர்கள் அல்லர். செய்த நன்றியை மறந்தவர்கள்.

எனக்குப் பிடிக்காத ‘செய்’ ஒன்றும் உண்டு. ‘கூட்டத்தின் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது.’ யார் சுட்டார்? செயப்பாட்டுவினையில் சுட்டவர் மறைந்துகொள்ள வசதியாக இடம் இருக்கிறது. ஜாமீன் தொகை கட்டச் சொல்லிப் பத்திரிகைகளை மிரட்டிய 1910ஆம் ஆண்டுச் சட்டத்தை எண்ணிப் பார்த்தால், அன்றைய ஆசிரியரின் பயம் புரிகிறது. அச்சட்டம் 1922இலேயே ஒழிந்துவிட்டது. நாம் இன்னும் ‘துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது’ என்று எழுதுவதற்குத்தான் காரணம் விளங்கவில்லை.

இப்போது ‘செய்’ பலருக்குக் கௌரவக் குறைவாகிவிட்டது. அமைச்சர் ஆய்வு செய்வதில்லை, ‘ஆய்வுப் பணிகளை மேற்கொள்கிறார்’. விரதத்துக்கும் துறவுக்கும் வைத்திருந்த சொல்லைச் சாக்கடை அடைப்பு எடுப்பதற்குக் கொடுத்துவிட்டோம். மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களிடம் கேட்டால், ‘செய்’ என்று எழுதினால் செய்தி சின்னதாகத் தெரிகிறதாம்! ‘போலீசார் தீவிர விசாரணையை மேற்கொண்டு வருகின்றனர்’ என்பது இன்றைய வரி. அந்தக் காலத்துத் துணையாசிரியர் ‘போலீசார் விசாரணை செய்கிறார்கள்’ என்று முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் அன்றைய நெல் விலையைக் கோத்திருப்பார்.