எங்களைப் போன்ற வீடு எது?

மின்சாரக் கம்பனியிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு சின்ன வீடு. அதன் பக்கத்தில் அதைவிட இரண்டு மடங்கு உயரமாகச் சிவப்பு நிறத்தில் இன்னொரு வீடு. பச்சை, 'உங்களைப் போன்ற வீடுகள்'. சிவப்பு, நாங்கள். கீழே புத்திமதி வேறு: தேநீருக்கு வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்கள், பயன்படுத்தாத கருவிகளைச் சுவரிலேயே அணைத்துவிடுங்கள்.

சுவரில் எதை அணைப்பது? என் மகனின் வென்டிலேட்டரையா?

அவனுக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே தசைகள் பலமிழந்துபோகும் நோய். கடிதத்தைக் கையில் பிடித்தபடியே அவன் அறைக்குப் போய்க் கட்டிலைச் சுற்றியிருக்கும் பிளக்குகளை எண்ணினேன். வென்டிலேட்டர். அது ஊதும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் பெட்டி. சளி உறிஞ்சும் இயந்திரம். அவனுக்குப் பதிலாக இருமிக்கொடுக்கும் இன்னொரு இயந்திரம். வயிற்றுக் குழாய் வழியாகப் பால் செலுத்தும் பம்ப். காற்று மெத்தை. ஏறி இறங்கும் கட்டில். அவனைத் தூக்கும் ஹோய்ஸ்ட்டின் சார்ஜர். சக்கர நாற்காலியின் சார்ஜர். மொத்தம் ஒன்பது. இதில் எது ஆடம்பரம் என்று அந்தப் பச்சை வீட்டை வரைந்த மகராசன் வந்து காட்டட்டும். காற்று மெத்தையின் பம்பை மட்டும் அணைத்தாலே போதும். மெத்தை இறங்கிவிடும், தானாகப் புரள முடியாத பிள்ளைக்கு முதுகில் புண் வந்துவிடும்.

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் கடையில் வாங்கவில்லை. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை தந்தது. ஆட்கள் வந்து பொருத்தி, எப்படி இயக்குவது என்று சொல்லித்தந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துவிட்டும் போகிறார்கள். அதற்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் வயரைக் கொண்டுவந்து சுவரில் செருகியதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது எங்கள் மீட்டர்.

கணக்கைச் சொல்கிறேன். எரிசக்திக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆஃப்ஜெம் நிறுவனம், சராசரி வீடு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம் பயன்படுத்தும் என்று 2025இல் வைத்துக்கொண்டது. நாளொன்றுக்கு ஏழரை யூனிட்கூட இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாளும் பதினேழுக்குக் குறைந்ததில்லை. 2025 கடைசியில் இருந்ததுபோல யூனிட் 26 பென்ஸ் என்று போட்டால், அந்தக் கூடுதல் பத்து யூனிட்டுக்கு நாளொன்றுக்கு 2 பவுண் 60 பென்ஸ், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 950 பவுண். அவன் மூச்சு விடவும், சாப்பிடவும், கட்டிலிலிருந்து எழும்பவும் ஆகும் செலவு அது.

செய்தியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'உச்சவரம்பு' என்று சொல்வார்கள். 2025 ஒக்டோபரிலிருந்து ஆண்டுக்கு 1,755 பவுண் என்றார்கள். என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், அதற்கு மேல் யாரிடமும் வாங்க முடியாதே என்று என்னிடமே வாதாடினார். வரம்பு யூனிட் விலைக்குத்தான் ஐயா, பில்லுக்கு அல்ல. 1,755 என்பது அந்தப் பச்சை வீட்டுக்காரரின் பில். எங்களுக்கு உச்சமும் இல்லை, வரம்பும் இல்லை.

இன்னொரு கொடுமை, காஸ் யூனிட் அப்போது சுமார் ஆறு பென்ஸ்தான்; மின்சாரம் அதைப்போல நான்கு மடங்கு. காஸில் ஓடும் வென்டிலேட்டர் எந்தக் கடையில் கிடைக்கும்?

வீட்டைச் சூடாக்கும் காஸ் மட்டும் மிஞ்சிவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஓடித் திரியும் பிள்ளை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அசையாமல் கிடக்கும் பிள்ளைக்கு அறைதான் சூடு தர வேண்டும். குளிர் பிடித்தால் நெஞ்சில் சளி. சளி கட்டினால் ஆஸ்பத்திரி. போன குளிர்காலத்தில் அங்கே பதினாறு நாள் கிடந்தோம். ஆகவே வீட்டில் இரவும் பகலும் 21 பாகை. 'ஒரு பாகை குறைத்தால் எவ்வளவு மிச்சம் தெரியுமா' என்று விளம்பரம் வரும்போது என் மனைவி எழுந்து டிவியை அணைத்துவிடுவாள். பயன்படுத்தாத கருவியைச் சுவரிலேயே அணைப்பது என்றால் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

சமையலறையில் ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரை ஒன்று இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வெளிச்சம் காட்டும். இரவு இரண்டு மணிக்குச் சளி எடுக்க எழும்பினால், நடைபாதை முழுவதும் அந்தச் சிவப்பு விழுந்து கிடக்கும். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், திரையைக் காணவில்லை. கரண்டிகள் வைக்கும் லாச்சிக்குள் துணியால் சுற்றிக் கிடந்தது. நானும் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, அரசு உதவவே இல்லையா என்று கேட்பீர்கள். உதவுகிறது, எங்களுக்கு மட்டும் இல்லை.

குளிர்காலத்தில் பில்லில் பணம் கழிக்கும் திட்டம் ஒன்று 2011 முதல் இருக்கிறது, இப்போது 150 பவுண். ஒரு காலத்தில், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக் குடும்பங்கள் டி.எல்.ஏ. (மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு) அல்லது பி.ஐ.பி. (பெரியவர்களுக்கானது) கடிதத்தைக் காட்டிக் கம்பனியிடம் விண்ணப்பிக்க வழி இருந்தது. 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைச் சீர்திருத்தினார்கள். சீர்திருத்தம் என்றால் எங்கள் ஊரில் நல்லது நடப்பது என்று பொருள். இங்கே, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுகளைத் தகுதிப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். 2025இல் திட்டத்தை விரிவாக்கினோம் என்று மார்தட்டினார்கள். விரிந்தது உண்மைதான், யூனிவர்சல் கிரெடிட் போல வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகளைப் பெறுவோருக்கு விரிந்தது. டி.எல்.ஏ. மட்டும் இருந்தால் இன்றும் கதவு அடைப்புத்தான்.

யூனிவர்சல் கிரெடிட் எங்களுக்கு ஏன் இல்லை? சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் கிடையாது. ஏன் சேமித்தோம்? மகனுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும், ஹோய்ஸ்ட்டோடு குளியலறையும் கட்ட வேண்டும். அதற்கான அரசு மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுணோடு நின்றுவிடும். மிச்சத்தை நாங்கள்தான் போட வேண்டும். போடுவதற்காக ஒன்பது வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்தோம். சேர்த்ததால் வசதிக்காரர் ஆகிவிட்டோம்.

இதிலும் வயிறு எரிவது எங்கே என்றால், அந்த 150 பவுண் அரசின் கஜானாவிலிருந்து வருவதே இல்லை. எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கித்தான் அதைக் கொடுக்கிறார்கள். அதாவது, எனக்குத் தகுதி இல்லாத சலுகைக்கு என் பில்லிலிருந்தும் பணம் போகிறது. ஏழைக்குப் போகட்டும், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் கொடுக்கிறவர்கள் பட்டியலில் மட்டும் என் பெயர் இருக்கிறதே, அதற்கு மட்டும் நான் மாற்றுத்திறனாளியின் தகப்பன் இல்லையா?

குளிர் நாள் உதவி என்று இன்னொன்று. தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் 25 பவுண். அதற்கும் அதே வருமானச் சல்லடை. விடுங்கள்.

2022 செப்டம்பரிலும் 2023 கோடையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தலா 150 பவுண் போட்டார்கள். அத்தோடு சரி. விலைவாசி நெருக்கடி முடிந்துவிட்டது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வென்டிலேட்டருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2022 நவம்பரில், நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உட்பட வழிகளை ஆராய்ந்து 2024 ஏப்ரலிலிருந்து புதிய பாதுகாப்பு ஏற்பாடு கொண்டுவருவோம் என்று அப்போதைய அரசு சொன்னது. அந்த ஏப்ரலும் போனது, அந்த அரசும் போனது.

எங்கள் வீட்டில் குளிர்கால உதவி பெறும் ஒருவர் இருக்கிறார், என் மாமி. 74 வயது. 2024இல் பெரும்பாலான முதியவர்களுக்கு அந்தப் பணத்தை நிறுத்தினார்கள். நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. 2025இல் வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாதவர்களுக்குத் திருப்பித் தந்தார்கள். முதியவர்களிடம் வாக்கு இருக்கிறது. குழாய் வழியாக மூச்சு விடும் பதினொரு வயதுப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த மாமி, 21 பாகை வீட்டில் இருந்துகொண்டு "புழுங்குகிறது பிள்ளை, யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடு" என்று மகளிடம் சொல்பவர். அவருக்குச் சூடாக இருக்க 200 பவுண். பணம் வந்த அன்றே வங்கியில் எடுத்து, கோயில் திருநீறு வரும் கடதாசிப் பையில் மடித்து என்னிடம் நீட்டினார். "இது பேரனின் கரண்டுக்கு, தம்பி." வாங்க மாட்டேன் என்றேன். வென்டிலேட்டருக்கு மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படி உதவவே முடியாது, நடைமுறைச் சிக்கல் என்று எவரும் சொல்ல வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு, அது ஓடிய மின்சாரத்தைக் கணக்கிட்டு, ஆக்சிஜன் வழங்கும் நிறுவனமே பணத்தைத் திருப்பித் தருகிறது. கொள்கையளவில் ஒப்புக்கொண்ட விஷயம்தானே? ஆக்சிஜன் இயந்திரத்துக்கு உண்டு, வென்டிலேட்டருக்கு இல்லை என்பதற்கு என்ன நியாயம்? ஸ்கொட்லாந்தில் 2020 முதல், டி.எல்.ஏ.யின் உயர்ந்த பராமரிப்புத் தொகை பெறுமளவுக்குக் கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு குளிர்காலமும் தானாகவே பணம் வருகிறது. வருமானம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 200 பவுணில் தொடங்கி இப்போது 250ஐத் தாண்டியிருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தது என் மகனின் பிழை.

"அதற்காகத்தானே டி.எல்.ஏ. தருகிறோம்" என்பது எப்போதும் தயாராக இருக்கும் பதில். உயர்ந்த பராமரிப்புத் தொகை 2025-26இல் வாரம் 110 பவுண் 40 பென்ஸ். ஆஸ்பத்திரிப் பயணம், கார் நிறுத்தக் கட்டணம், கணக்குப் பார்த்துத் தரும் நாப்கின்கள் போதாமல் வாங்குவது, அவன் உடம்புக்கென்று தைக்கும் உடுப்பு. மனைவி வேலையை விட்டு ஏழு வருடம். அவளுக்குப் பராமரிப்பாளர் கொடுப்பனவு 2025-26இல் வாரம் 83 பவுண் 30 பென்ஸ். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பவுண்கூட வரவில்லை, நாள் என்பது இங்கே 24 மணி நேரம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்கு மாதம் சராசரியாக 1,010 பவுண் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2024இல் கணக்கிட்டது. ஒரே நூறு பவுணைக் காட்டி எத்தனை செலவுக்குத்தான் பதில் சொல்வார்கள்?

கடிதத்தைப் பார்த்த கோபத்தில் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நாற்பது நிமிடம் இசை. பிறகு ஒரு பெண் பேசினாள். மரியாதையான பிள்ளை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெயர் முன்னுரிமைப் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்தாள். அந்தப் பட்டியலில் இருந்தால், மின்சாரம் தடைப்படும்போது முன்கூட்டியே சொல்வார்கள். கட்டணத்தில் ஒரு பென்ஸ் குறையாது. வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டேன். திரையில் தேடிப் படித்தாள்: "இரவு 12 முதல் காலை 5 வரை குறைந்த விலைத் திட்டம் ஒன்று இருக்கிறது. கருவிகளின் பயன்பாட்டை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் சேமிக்கலாம்."

"இது மூச்சு விடும் இயந்திரம், அம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மன்னித்துக்கொள்ளுங்கள், இதை யோசிக்கவில்லை என்றாள். அவளாவது சொன்னாள்.

கடிதத்தின் மறுபக்கத்தை இன்று காலையில்தான் பார்த்தேன். 'எங்களைப் போன்ற' வீட்டின் பயன்பாட்டைக் கணக்கில் எடுத்து, மாதத் தவணையை 214 பவுணிலிருந்து 251 பவுணாக உயர்த்தியிருக்கிறார்கள். ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்களாம். இதற்கு மட்டும் தகுதி பார்க்கவில்லை, படிவம் இல்லை, காத்திருப்பு இசையும் இல்லை. மாமியின் கடதாசிப் பை இன்னும் வென்டிலேட்டருக்கு மேலேதான் இருக்கிறது.