சலானில் வாங்கிய கையெழுத்து
"வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்" என்கிறது சிறு தொழில்காரர்களின் பாக்கி வசூல் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. திருப்பூரில் பனியன் தைத்துக்கொடுக்கும் சிறு யூனிட்காரர் அப்படிக் கேட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். எனக்குக் கைகொடுத்தது, சரக்கு இறக்கிய அன்றே கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான்தான், அதாவது சரக்கோடு போகும் ஒப்படைப்புச் சீட்டு. ஒரு ஏற்றுமதியாளர் எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, "துணியில் கறை, பில்லில் கழித்துவிட்டோம்" என்றார். எந்தக் குறையும் எழுதாமல் அவருடைய மேலாளர் போட்ட கையெழுத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் கவனிக்காத வேடிக்கை ஒன்றும் அதில் இருக்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் வாங்கியவருக்குப் பணம் தர 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம், இல்லையென்றால் 15 நாள்தான்! மூன்று ஆண்டு கடந்த பாக்கி போனதுதான் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் புலம்பியிருக்கிறார். வழக்குப் போடுவதற்கான அந்த மூன்று ஆண்டுக் கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எதிர்த்தரப்பு கையெழுத்திட்டால், கெடுவின் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் அப்படிப் பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை வாங்கிவிடுகிறேன். ஆடிட்டர் கேட்கிறார் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.