தொட்டிலருகே ஒரு முழங்கால்

(தூங்கும் குழந்தையின் தொட்டிலருகே மாமனாரும் மருமகனும் தரையில் அமர்ந்து கிசுகிசுக்கிறார்கள்.)

மாமனார்: ஒரு மணி நேரம் தாலாட்டுப் பாடித் தூங்கவைத்த பேரனை, நேற்று நான் எழுந்தபோது என் முழங்கால் போட்ட ‘படக்’ என்ற ஒற்றைச் சத்தம் எழுப்பிவிட்டது, மாப்பிள்ளை. இந்தக் கீலுக்கு எண்ணெய் விட வழியுண்டா?

மருமகன்: எண்ணெய் உள்ளேயே இருக்கிறது, மாமா. மூட்டைச் சூழ்ந்த பையில் வழவழப்பான திரவம் ஒன்று உண்டு. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருக்கும் வாயு குமிழாகத் திரள்வதால் அப்படிச் சத்தம் வரலாம். விரலில் நெட்டி முறிப்பதும் இதே கதைதான்; முறித்த விரலில் மறுபடியும் சத்தம் வர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும்.

மாமனார்: அப்படியானால் கூடத்திலேயே முழங்காலை ஒருமுறை முறித்துவிட்டு வந்தால்?

மருமகன்: உங்கள் பேரன் தூங்க ஒரு மணி நேரம் ஆகிறதே.

மாமனார்: (பெருமூச்சுடன்) படியேறும்போது வருவது வேறு சத்தம். முழங்கால் சில்லின்மேல் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கி நீட்டினால், மணலை அரைப்பதுபோல் நறநறவென்று கைக்குத் தெரிகிறது. எலும்பு தேய்ந்து மாவாகிறது என்று உங்கள் அத்தை தீர்ப்பே எழுதிவிட்டாள்.

மருமகன்: அத்தையின் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்ய எனக்குத் துணிவில்லை, ஆனாலும் சில்லின் பின்புறக் குருத்தெலும்பு சற்றுச் சொரசொரப்பானாலே அப்படிக் கேட்கக்கூடும், வலியில்லாத சத்தத்தை மட்டும் வைத்து மூட்டுத் தேய்வு என்று முடிவு கட்ட முடியாது. வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தாலும், கால் பாதியில் பூட்டிக்கொண்டாலும், நிற்கையில் முழங்கால் மடங்கி வாரிவிட்டாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். இவற்றில் ஏதாவது உண்டா?

மாமனார்: மானம் போவதைத் தவிர வேறொன்றுமில்லை.

மருமகன்: அப்படியென்றால் நடையை நிறுத்தாதீர்கள், தொடைத் தசை வலுப்பட்டால் சில்லு தன் தடத்தில் ஒழுங்காக ஓட உதவும். எனக்கு இடுப்பில் ஒன்று உண்டு: மடக்கிய காலை நீட்டும்போது ஒரு தசைநாண் எலும்பு மேட்டைத் தாண்டி நழுவ, வீணைத் தந்தியைச் சுண்டியதுபோல் ‘டக்’கென்று கேட்கும். நடனமாடுபவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

மாமனார்: நீங்கள் எப்போது ஆடினீர்கள்?

மருமகன்: தொட்டிலை ஆட்டியதோடு சரி. குழந்தை அயர்ந்துவிட்டான், மெதுவாக எழுகிறேன்.

(டக்.)

மாமனார்: இது குமிழா, தசைநாணா, மாப்பிள்ளை?

மருமகன்: உங்கள் பேரன் விழித்துவிட்டான், மாமா. தாலாட்டு உங்கள் முறை.