கம்பி இல்லாத கான்கிரீட்

ரோமானியர் கான்கிரீட் 2000 வருடம் நிற்கிறது, நம்முடையது 50 வருடத்தில் பெயர்ந்து விழுகிறது என்று சொல்வது பாதிதான் சரி. ரோமிலுள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உள்ளே இரும்புக் கம்பியே கிடையாது. அடித்தளத்தில் கனமான கல் சல்லி, உச்சிக்குப் போகப்போக எடை குறைந்த எரிமலை நுரைக்கல். துருப்பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மெல்லிய தளமும் நீளமான உத்திரமும் கேட்கிறோம், அவற்றில் இழுவிசை வரும், அதனால் கம்பி போடுகிறோம், கூடவே துருவும் வருகிறது. அப்புறம், இடிந்துபோன ரோமானியக் கட்டடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடுக்குமாடி வீடுகள் அடிக்கடி சரிந்ததால்தானே பேரரசர் அகஸ்டஸ் உயரத்தை 70 அடிக்குள் கட்டுப்படுத்த வேண்டிவந்தது!