சிக்கல் சுடுதண்ணீரில்

பழைய அடுக்குமாடிகளில் ஹீட் பம்ப்போடு (வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சூரிய வெப்பத் தகடும் பொருத்தினால் எரிவாயு கொதிகலனைக் கழற்றிவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. சரி, ஆனால் ஜெர்மனியில் பெரிய தலைவலி சுடுதண்ணீர்தான். பொதுத் தொட்டி உள்ள கட்டடங்களில் லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க, தொட்டியிலிருந்து தண்ணீர் 60 டிகிரியில் வெளிவர வேண்டும். ஹீட் பம்ப் 35 டிகிரி என்றால் சுகமாக ஓடும். 60 என்றால் மின்சாரத்தைக் குடிக்கும். கோடையில் அந்தப் பாரத்தைத் தகடு வாங்கிக்கொள்ளும். டிசம்பரில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். போதாததற்கு, தகடு வைக்க ஆறு மாடிக்கும் ஒரே கூரை! நானாக இருந்தால் முதலில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத்தான் பார்ப்பேன். சூடு பற்றாத அறைகளில் மட்டும் பெரிதாக மாற்றினாலே பல கட்டடங்களில் ரேடியேட்டருக்குள் ஓட 55 டிகிரித் தண்ணீர் போதும். தகடு அப்புறம்.