குதிரையில் போனவரும் நடந்து போனவரும்

கிராமத்தை அழகாக எழுதுவதா, அவலமாக எழுதுவதா என்று நம் கவிஞர்கள் மல்லுக்கட்டும்போதெல்லாம் 1892-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரு கவிஞர்களுக்கிடையே நடந்த எசப்பாட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும். 'தி புல்லட்டின்' வார இதழில் ஜூலை 9 அன்று ஹென்றி லாசன் ஆரம்பித்தார்: நகரத்தை விட்டு நாட்டின் உட்பகுதிக்குப் போனால் இருப்பது வெயில், ஈ, வெயிலில் கருகும் மாட்டுவண்டிக்காரர்கள், புருஷன் மந்தையோட்டப் போய்விட ஆம்பளை வேலையையும் சேர்த்துப் பார்க்கும் பெண்கள்; நீங்கள் பாடிய சொர்க்கத்தைக் காணோம். ஜூலை 23-ல் பான்ஜோ பேட்டர்சனின் பதில்: நீர் போனது வறட்சியில், மழைக்குப் பிறகு போய்ப் பாரும், முடியாவிட்டால் பட்டணத்திலேயே இரும்.

பதிலும் அதே சந்தத்தில்தான். அடிக்கு 15 அசை, இரண்டிரண்டு அடிக்கு இயைபு. இங்கேதான் லாசன் சறுக்கினார் என்பேன். துள்ளி ஓடும் அந்தச் சந்தம் பேட்டர்சனின் குதிரைகளுக்குப் பொருந்தியது. லாசனின் துயரமோ ஒப்பாரியைக் கும்மி மெட்டில் பாடியதுபோல வெறும் சலிப்பாகக் கேட்கிறது.

இந்த மோதல் பேசிவைத்துத் தொடங்கியது என்று 1939-ல் பேட்டர்சனே எழுதினார். யோசனை லாசனுடையது, எழுதும் அளவுக்குத்தான் கூலி, இருவருக்கும் பணம் தேவைப்பட்டது. அதற்காகக் கருத்து வேறுபாடு பொய்யாகிவிடாது. தான் நல்ல குதிரையில் சுற்றியவன், லாசன் கால்நடையாய் அலைந்தவர் என்ற வித்தியாசத்தையும் அவரே சொல்கிறார். ஒரு கிராமக் கவிதை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எழுதியவர் எந்த மாதத்தில் போனார், எதில் போனார், அங்கே யார் வேலை செய்ய யார் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாசன் வென்றது உரைநடையில். பேட்டர்சனின் பதில் வந்த அதே ஜூலை 23 இதழில்தான் லாசனின் 'தி டிரோவர்ஸ் வைஃப்' (மந்தையோட்டியின் மனைவி) கதையும் வந்தது. கவிதையில் ஒரு வரியில் கடந்துபோன அந்தப் பெண், இங்கே வீட்டுக்கடியில் புகுந்த பாம்புக்காகக் கையில் தடியோடு விடிய விடிய விழித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நல்ல உடுப்பு மாட்டி, தானும் உடுத்தி, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆளில்லாத காட்டுப் பாதையில் நடக்கிறாள். எதிரே வர ஒருவரும் இல்லை. ஆனாலும் நகரத்துக் கடைவீதிக்குப் போவதுபோல அத்தனை அக்கறை. அந்த நடையை அழகு என்பீர்களா, அவலம் என்பீர்களா?

அந்த ஆண்டே புல்லட்டின் ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் 5 பவுண்டும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து லாசனை உட்பகுதியிலுள்ள பர்க் ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையிலுள்ள ஹங்கர்ஃபோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் மூட்டை சுமந்து நடந்தார். அவரைப் படிக்க நினைப்பவர்கள் அந்த நடைக்குப் பிறகு எழுதிய கதைகளிலிருந்து தொடங்குங்கள்; 1896-ல் வந்த 'வைல் தி பில்லி பாய்ல்ஸ்' தொகுப்பில் பல இருக்கின்றன. எசப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.