தீர்மானப் புத்தகம் தலைவர் வீட்டில் இருக்கிறதாம்

மூன்றாவது தடவையாகப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த சூட்டில் எழுதுகிறேன். காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு தாள். வீட்டு முன்னால் ஓடும் மழைநீர் வடிகாலை இடித்துவிட்டு மறுபடி கட்டுவதற்கு ஊர் மன்றம் போட்ட தீர்மானத்தின் நகல். ராணுவ ரகசியமெல்லாம் ஒன்றும் இல்லை. முதல் தடவை மன்ற அலுவலகத்துக்குப் போனபோது, சம்பந்தப்பட்டவர் சீட்டில் இல்லை. இரண்டாம் தடவை சீட்டில் இருந்தார். "அது எதுக்கு சார் உங்களுக்கு?" என்றார். மூன்றாம் தடவை உண்மையைச் சொல்லிவிட்டார். "தீர்மானப் புத்தகம் தலைவர் வீட்ல இருக்கு."

வீட்டில்! ஊருடைய புத்தகம் அது. அலுவலக அலமாரியில் பூட்டி இருக்க வேண்டியது. ஏன் அங்கே போனது என்று கேட்டேன். சில கவுன்சிலர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறதாம். கூட்டம் நடந்து ஏழு வாரம் ஆகிறது. வந்திருந்தவர்கள் அன்றைக்கே போட்டிருப்பார்கள். அப்படியானால் இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், வராதவர்களிடமா? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலாவது தடவை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அந்த "எதுக்கு சார் உங்களுக்கு" என்ற கேள்விதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும்போது எதுக்கு என்று நான் கேட்டேனா? என் காசில் என் வாசலில் நடக்கிற வேலையின் தாளை நான் ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு நானே காரணம் சொல்ல வேண்டுமாம். அதிலும் அவர் அதிகாரமாகக் கேட்கவில்லை. வருத்தத்தோடு கேட்டார். "நம்ம ஆளு நீங்களே இப்படிக் கேக்கலாமா" என்கிற வருத்தம். பெரிய நகரத்தில் இதே தாளைக் கேட்டால் அலட்சியம் செய்வார்கள். சின்ன ஊரில் கோபித்துக்கொள்கிறார்கள். பில்லைக் காட்டுங்கள் என்றால் அவர்கள் காதில் திருடன் என்று விழுகிறது. அடுத்த கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதற்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் கேட்பதில்லை.

சரி, புத்தகம் கிடைத்தாலும் அதில் என்ன இருக்கப்போகிறது? பழைய தீர்மானங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். "பொருள் மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. விவாதித்து ஒருமனதாக அங்கீகரிக்கப்பட்டது." அவ்வளவுதான். யார் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார், எத்தனை பேர் விலை கொடுத்திருந்தார்கள், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு வரியும் கிடையாது. ஒப்பந்தக்காரர் தன் மைத்துனர் என்பதால் நான் இதில் கலந்துகொள்ளவில்லை என்று எந்த உறுப்பினராவது எழுந்து சொன்னதாக ஒரே ஒரு இடத்திலாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினேன். மைத்துனர்கள் இல்லாத மன்றமாக்கும் இது! உள்ளே நடப்பதோ வேறு. நாற்பது பொருளை மூச்சுவிடாமல் வாசித்து, யாராவது வாயைத் திறப்பதற்குள் "ஆல் பாஸ்" என்று முடித்துவிட்டு டீ வரவழைப்பது. அதற்குப் பெயர் விவாதம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வாசகம் ஒன்று உண்டு. "அவசர அவசியம் கருதி, மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி." அதாவது வேலையை முதலில் முடித்துவிடுவோம், அனுமதியை அப்புறம் வாங்கிக்கொள்வோம். வெள்ளம் வந்தால், குடிநீர்க் குழாய் உடைந்தால், இது தேவைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வடிகால் நாலு வருடமாக நாறிக்கொண்டிருக்கிறது. நாலு வருடம் பொறுத்திருந்த நாற்றத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. அதுவும் ஒரே வடிகால், மூன்று வேலை! வடக்குப் பகுதி, நடுப்பகுதி, தெற்குப் பகுதி. ஒன்றாகப் போட்டால் தொகை வரம்பைத் தாண்டி டெண்டர் விட வேண்டிவரும், மூன்றாக வெட்டினால் வேண்டாம். தண்ணீருக்குத்தான் இந்த எல்லையெல்லாம் தெரியவில்லை. மழை பெய்தால் மூன்று பகுதியிலும் ஒன்றாகவே தேங்குகிறது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சார், எல்லாம் தெரிஞ்ச மனுஷங்கதான்" என்பார்கள். அவர்களுக்கு டிக்ஸன் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர், அப்போது சுமார் 16 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். ரீட்டா கிரண்ட்வெல் என்பவர் 1983 முதல் அங்கே கணக்கு அதிகாரி. எல்லாருக்கும் தெரிந்தவர், நல்லவர் என்று பெயர். 1990 கடைசியில் ஊர்ப் பெயரிலேயே வங்கியில் ஒரு கள்ளக் கணக்கைத் திறந்தார். பொய்ப் பில் எழுதி அதில் பணத்தைப் போட்டு, 2012இல் பிடிபடும்வரை எடுத்தது 5 கோடியே 37 லட்சம் டாலர். அதை வைத்துக் கண்காட்சிப் போட்டிகளுக்குக் குதிரை வளர்த்தார், சுமார் நானூறு குதிரை. தெருவைச் செப்பனிடப் பணம் இல்லை என்று ஊர் கையைப் பிசைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தணிக்கை நடக்காமல் இல்லை, வருடா வருடம் நடந்தது. எப்படி வெளிவந்தது தெரியுமா? அவர் நீண்ட விடுப்பில் போயிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர் வங்கியிடம் எல்லாக் கணக்கு விவரங்களையும் கேட்டு வாங்கினார். ஒரு தாள். இருபது வருடத்துத் திருட்டு ஒரு தாளில் தெரிந்துவிட்டது. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அவரை நம்பினார்கள், அவ்வளவுதான். நம்பிக்கை இருக்கிற இடத்தில் ரசீது கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். என்னைப் பார்த்து வருத்தப்பட்டாரே, அதே வருத்தம்.

நம் ஆட்கள் மேடை கிடைத்தால் உத்திரமேரூரைப் பிடித்துக்கொள்வார்கள். முதலாம் பராந்தகன் காலம், குடவோலை, ஆயிரம் வருடத்துக்கு முன்பே மக்களாட்சி என்று மார்தட்டுவார்கள். அந்தச் சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களுக்கு மட்டுமானது என்பதைச் சொல்ல மாட்டார்கள், அதை விடுங்கள். 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் குடமும் ஓலையும் மட்டுமா இருக்கிறது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் மட்டும் இல்லை, அவன் அப்பன், மகன், சகோதரன், மாமனார், மருமகன், மைத்துனன் வரைக்கும் ஒவ்வொருவராக எண்ணி விலக்கியிருக்கிறார்கள். மைத்துனன்களைப் பற்றி அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கல்வெட்டில் இந்த வரியை மட்டும் யாரும் மேடையில் படித்து நான் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமலா? அரசு ஆவணத்தைக் குடிமகன் பார்க்கலாம் என்று ஸ்வீடன் 1766இலேயே எழுதிவைத்தது. இந்தியாவின் 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கேட்டால் கொடு என்பது பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே நீயாக வெளியிடு என்கிறது அது. ஏன் கேட்கிறாய் என்று விண்ணப்பிப்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று 6ஆம் பிரிவிலும் இருக்கிறது. நடைமுறையில் வெளியிடுவது எப்படி என்றால், கண்ணாடி போட்டுப் பூட்டிய அறிவிப்புப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தாளைக் குத்திவைப்பது. மேலே இருப்பது போன வருடத்துத் தடுப்பூசி முகாம். கீழே இருப்பது என்னவென்று பார்க்கச் சாவி வேண்டும். சாவி யாரிடம் என்று கேட்டால், "எதுக்கு சார்?"

திங்கட்கிழமை நாலாவது தடவையாகப் போகிறேன். இந்த முறை வாயால் கேட்பதாக இல்லை. நகல் வேண்டும், இதற்கு முன் மூன்று முறை வந்தேன், புத்தகம் தலைவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போய், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக முத்திரை போட்டுத் தரச் சொல்லப்போகிறேன். முத்திரை யார் வீட்டில் இருக்கிறதோ.